குதிரைக்கும் கால் வலிக்கும்

இரண்டாவதும் பையன்தான் என்று நீ போனில் சொன்ன நாளிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், கண்ணு. என் பிள்ளைகள் இருவரும் செஞ்சிக் கோட்டை மதிலைப் பார்த்தபடியே வளர்ந்தவர்கள். இப்போது இரண்டு பேருக்கும் மீசை நரைத்துவிட்டது. அவர்கள் பொடியன்களாக இருந்தபோது எங்கள் வீட்டில் அடிதடிக்கும் குறைவில்லை, சிரிப்புக்கும் குறைவில்லை. அந்தச் சிரிப்பில் சிலது பிள்ளையை எங்களோடு ஒட்ட வைத்தது, சிலது அவன் மனசைத் தைத்தது. எது எப்படிப்பட்டது என்று பிரித்துப் பார்க்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. உனக்கு அத்தனை காலம் ஆக வேண்டாம். பெரியவன், சின்னவன் என்றுதான் எழுதப்போகிறேன். காரணம் பின்னால் வரும்.

1. ஒரு பிள்ளையையே எப்போதும் குதிரையாக்காதே. இந்த ஊரில் பிறந்த பையன் நடக்கப் பழகினதும் ராஜா தேசிங்கு ஆகிவிடுவான். கதைப்பாட்டில் தேசிங்குக்கு ஒரு குதிரை உண்டு, பாராசாரி என்று பெயர். டெல்லியில் எவருக்கும் அடங்காத குதிரையை அவன் அடக்கிக் கொண்டுவந்தான் என்பது கதை. எங்கள் வீட்டில் பெரியவன் தேசிங்கு, கையில் விளக்குமாற்றுக் குச்சி. சின்னவன் பாராசாரி, முதுகில் தலையணைச் சேணம். ஒரு நாள் நடுக்கூடத்தில் குதிரை படுத்துவிட்டது. "எழுந்திருடா, ஆற்காட்டு நவாப் வந்துட்டான்!" என்று ராஜா கத்துகிறான். "குதிரைக்குக் கால் வலிக்குது" என்கிறது குதிரை. "குதிரை பேசக் கூடாதுடா!" "அப்ப நீயே நடந்து போய் நவாப்பைப் பாரு." சிரித்துக்கொண்டே அடுப்படியிலிருந்து வந்தவள் அவன் முழங்காலைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் உரசி உரசி இரண்டு முட்டியும் சிவந்து, ஒன்றில் தோல் வழன்றிருந்தது. எத்தனை நாளாகக் குதிரையாக இருக்கிறானோ, வாய் திறந்து சொன்னது அன்றைக்குத்தான். அடுத்த ஆட்டத்துக்குப் பெரியவனைக் குதிரையாக்கினேன். தம்பி ஏறின வேகத்திலேயே அவனைக் கீழே தள்ளிவிட்டு, "நான் அடங்காத குதிரை" என்றான். அதற்கப்புறம் யார் குதிரை என்பதற்குத்தான் சண்டை. நான் விளையாட்டை மட்டும் சொல்லவில்லை. இவன் பொறுப்பானவன், அவன் வாலு, இவன் விட்டுக்கொடுப்பான், அவன் கேட்டு வாங்குவான் என்று வீட்டில் ஒரு வேஷம் கட்டிவிட்டால், அதைக் கழற்றத் தெரியாமலேயே பிள்ளை வளர்ந்துவிடுவான். மாற்றி மாற்றிக் கட்டிவிடு.

2. பொய் சொல்லும்போது சிரித்துவிடாதே, அடித்தும்விடாதே. கோட்டையை ஒட்டின வீடுகளில் எது காணாமல் போனாலும் பழி குரங்கின்மேல்தான். முறுக்கு டப்பா காலி. "குரங்கு வந்துச்சும்மா" என்றான் பெரியவன். அண்ணனைக் காப்பாற்றச் சின்னவன் ஓடிவந்து, "ஆமாம்மா, டப்பாவைத் திறந்து எனக்கும் ஒண்ணு குடுத்துச்சு" என்றான். வாயோரத்தில் எள்ளு ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். சிரித்திருந்தால் பொய் ஒரு சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். அடித்திருந்தால் அடுத்த பொய்யை இன்னும் நன்றாகச் சொல்லப் பழகியிருப்பார்கள். "அந்தக் குரங்கைப் பார்த்தா, கேட்டு வாங்கித் தின்னச் சொல்லு. கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் பையைக்கூட இறக்காமல் என் எதிரில் நின்று, "அம்மா, குரங்கு ரெண்டு முறுக்கு கேக்குது" என்றான். கொடுத்தேன்.

3. அண்ணன் தம்பி சண்டையில் பாதிக்குமேல் உன் காதில் விழ வேண்டியதில்லை. செஞ்சியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. தீபாவளியும் பக்ரீத்தும் நெருங்கினால் விடியுமுன்பே வண்டி வண்டியாக ஆடு வந்து இறங்கும். தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைத் தாத்தாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள் இருவரும். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பெரிய சண்டை. கோபத்தில் பெரியவன் தம்பியைத் திண்ணைக்கு இழுத்துக்கொண்டு போய் என் மாமனாரிடம் விற்கத் தொடங்கினான். துண்டுக்குள் இருவர் கையும். பேரம் நடக்கிறது. சின்னவன் அழுவான் என்று பார்த்தால், வாயை அகலத் திறந்துகொண்டு, "பல்லைப் பாக்காம வாங்கக் கூடாது தாத்தா" என்கிறான். விலை படிந்தது. காசை வாங்கும் நேரத்தில் பெரியவன் ஒரு நிபந்தனை போட்டான். "பகல்ல நீங்க வெச்சுக்கோங்க. ராத்திரி கொண்டாந்து விட்டுடணும். தனியா படுத்தா எனக்குப் பயமா இருக்கும்." கை ஓங்கினால், கல்லை எடுத்தால், உடனே போய் நில். வெறும் வாய்ச்சண்டை என்றால் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போ, அதற்குள் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். நீ தீர்ப்புச் சொல்லப் போனால் ஒருவன் ஜெயித்தவன், ஒருவன் தோற்றவன் ஆகிவிடுவான். ராத்திரி பாயில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுப்பார்கள்.

4. ஒருவனைக் காட்டி ஒருவனை மட்டம் தட்டாதே. வந்து உட்கார்ந்ததும் உறவுக்காரர்கள் கேட்பார்கள், "ரெண்டு பேர்ல யாரு கெட்டிக்காரன்?" எங்கள் சின்னவன் ஒரு முறை, "அண்ணன் கெட்டி, நான் காரன்" என்று பிரித்துக் கொடுத்துவிட்டான். அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. மராட்டியர்களின் 12 கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். அதிலிருந்து இங்கே வருகிறவர்கள் 1677இல் சிவாஜி கோட்டையைப் பிடித்ததைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். எனக்கு நினைப்பெல்லாம் அவருடைய பேரப்பிள்ளைகள்மேல். சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்திருக்க, ஔரங்கசீப்பின் படை வெளியே 1698 வரை முற்றுகை போட்டுக் கிடந்தது. அந்த முற்றுகைக் காலத்தில், 1696இல், ராஜாராமுக்கும் தாராபாய்க்கும் ஒரு மகன் பிறந்தான். இரண்டு வருஷம் கழித்து இன்னொரு மனைவி ராஜஸ்பாய்க்கு ஒரு மகன். சின்னவனுக்கு இரண்டு வயது நிறையுமுன் அப்பா போய்விட்டார். 1714இல் ராஜஸ்பாய் பக்கத்தார் தாராபாயையும் அவள் மகனையும் சிறையில் தள்ளிவிட்டுச் சின்னவனைக் கோலாப்பூர் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். பெரியவனுக்கு 18 வயது, சின்னவனுக்கு 16. அந்தப் பகையைப் பிள்ளைகளா தொடங்கினார்கள், சொல்லு. பெரியவர்கள் ஊட்டினது. நம் வீட்டில் சிம்மாசனம் இல்லை, ஆனால் ரேங்க் கார்டு இருக்கிறது. அதை வாங்கிப் பார்க்கும்போது ஒவ்வொருவனையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பார்.

5. பயம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். அதைக் கேலி செய்யாதே, யாரும் செய்யவும் விடாதே. கோட்டையின் ராஜகிரி மலை ஏறக்குறைய 800 அடி. ஒரு காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோற்றோடு ஏறினோம். கமலக்கண்ணியம்மன் கோயில் வருமுன்பே சின்னவன் படியில் உட்கார்ந்து, "எனக்கு வீரம் இதோட முடிஞ்சிடுச்சு" என்று அறிவித்தான். பெரியவன் "பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி" என்று கூவிக்கொண்டே முன்னால் ஓடினான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை பிளந்து ஆழமான ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதன்மேல் கிடந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் மேலே போக முடியாது. இன்றைக்கும் பாலத்தைத் தாண்டித்தான் உச்சிக்குப் போக வேண்டும். அதுவரை ஓடினவன் அங்கே நின்றுவிட்டான். ஒரு தடவை கீழே பார்த்தான். மெதுவாகப் பின்னால் வந்து என் புடவைக் கொசுவத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சின்னவனோ அப்பா தோளில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஆட்டியபடி, "அண்ணா, உனக்கு இங்க முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போனான். அதில் கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவன் காது சிவந்துவிட்டது. "நாம கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாம், எனக்கும் மூச்சு வாங்குது" என்று அவனோடு பாறையில் உட்கார்ந்தேன். அவனாக எழுந்து, என் கையை விடாமல் தாண்டினான். இறங்கும்போது அந்தப் பயந்தாங்கொள்ளி என்ற சொல் அவன் வாயில் வரவே இல்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்துச் சிறு படையோடு கிளம்பின தேஜ் சிங்தான் நம் ராஜா தேசிங்கு. அவன் நண்பன் மகபத்கான் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து அவனோடு மடிந்தான் என்று பாட்டுச் சொல்கிறது. போர் வேண்டாம் என்று சிங்கவரத்து ரங்கநாதரே முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். அவனை வீரன் என்று செஞ்சி முழுக்கக் கொண்டாடுகிறது, நானும்தான். ஆனால் பிள்ளை பெற்றவளாகப் பார்த்தால் எனக்கு முதலில் தெரிவது அவனுக்கு 22 வயது என்பது. உன் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைக் கட்டாயம் சொல்லு. நின்று யோசித்துவிட்டுப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது என்றும் கூடவே சொல்லு. "ஆம்பளப் புள்ள அழக் கூடாது" என்று எவர் சொன்னாலும், எத்தனை பெரியவராக இருந்தாலும், பிள்ளை காதுபட அதை மறுத்துச் சொல்லிவிடு.

6. கோயிலில் கேள்வி கேட்டால் வாயைப் பொத்தாதே. அந்தச் சிங்கவரம் குடைவரையில் ரங்கநாதர் பாறையோடு பாறையாகச் செதுக்கப்பட்டுப் பள்ளிகொண்டிருக்கிறார், பல்லவர் காலத்து வேலை. தீபாராதனை அமைதியில் சின்னவன் உரக்கக் கேட்டான், "சாமிக்கு உடம்பு சரியில்லையா?" பெரியவன் விளக்கினான், "இல்லடா, எழுந்து நின்னா தலை பாறையில இடிக்கும்." நான் பதறிப்போய் இருவர் வாயையும் பொத்தப் போனேன். பட்டாச்சாரியார் கையைக் காட்டி நிறுத்தினார். தீபத்தைத் திருமுகத்திலிருந்து திருவடி வரைக்கும் மெதுவாக நகர்த்திக் காட்டி, "நீயே பார்த்துச் சொல்லு, இடிக்குமா?" என்றார். பெரியவன் அண்ணாந்து பாறையைப் பார்த்தான், பெருமாளைப் பார்த்தான், நிதானமாக, "இடிக்கும்" என்றான். வீடு வருகிற வழியெல்லாம் பாறையை எப்படிக் குடைந்தார்கள், உளி மழுங்கினால் என்ன செய்வார்கள், தப்பாக வெட்டிவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். அதனால் என் மரியாதை குறைந்துவிடவில்லை. அன்றைக்கு வாயைப் பொத்தியிருந்தால் அந்தக் கேள்விகளெல்லாம் வேறு யாரிடமோ போயிருக்கும்.

7. எல்லாவற்றையும் சரிபாதி பங்கு போட முயலாதே. இங்கே மலையோரத்துச் சீத்தாப்பழம் வரும் காலத்தில் யார் அதிகம் தின்றது என்று கொட்டையை எண்ணுவார்கள் இருவரும். சின்னவன் கொட்டைகளை விழுங்கிவிட்டு, "எனக்குத்தான் கம்மி" என்றான். பெரியவன் அவன் வயிற்றில் காதை வைத்து எண்ணப் பார்த்தான். பசித்தவனுக்கு அதிகம் வை, காய்ச்சலில் கிடப்பவனோடு அதிக நேரம் இரு. ஏன் என்று இன்னொருவனிடம் ஒரு வரி சொல்லிவிட்டால் போதும், அவன் புரிந்துகொள்வான்.

8. பிள்ளை செய்த கூத்தை அவன் எதிரில் ஊருக்குச் சொல்லாதே. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே, கண்ணு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த சின்னவன், சீயக்காய்க் கிண்ணத்தைக் கண்டதும் என் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு தெருவில் ஓடினான், பிறந்த மேனியாக. பெரியவன் துண்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே, "யாரும் பாக்காதீங்க! யாரும் பாக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓட, அதுவரை பார்க்காதவர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தோம். சின்னவனும் நடித்துக் காட்டிச் சிரிப்பான். வருஷங்கள் போயின. அவன் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், கூடப் படிக்கும் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, உறவுக்காரர் ஒருவர் அதையே எடுத்து விஸ்தாரமாகச் சொன்னார். இலையில் சோறு விழுந்து, சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். சின்னவன் கை வைக்கவில்லை. இலையை மடித்தான், எழுந்து போனான். இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்த பெரியவனும் ஒன்றும் பேசாமல் தன் இலையை மடித்துவிட்டுத் தம்பி பின்னால் போனான். அந்தக் கதையை ஊரில் பரப்பினவள் நான்.

ஒரு வயதில் பிள்ளையும் சேர்ந்து சிரிக்கிற கதை இன்னொரு வயதில் அவனுக்கு மானக்கேடு. அது எந்த நாளில் மாறும் என்று அவன் சொல்ல மாட்டான், முகத்தைப் பார்த்து நீதான் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியவில்லை என்றால் கேட்டுவிடு. இதை உனக்கு எழுதலாமா என்று சின்னவனிடம் கேட்டேன். "எழுதும்மா, பேரு மட்டும் போடாத" என்றான். எங்கள் காலத்தில் வாயோடு போயிற்று. உன் கையில் கேமரா இருக்கிறது. குளிக்கிற பிள்ளை, அழுகிற பிள்ளை, பாயை நனைத்துவிட்டு முழிக்கிற பிள்ளை, இவற்றையெல்லாம் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதே. போட்டதை யார் யார் எங்கெங்கே அனுப்பினார்கள் என்று பிறகு உன்னால் தேடிப் பிடிக்க முடியாது. வேடிக்கையாக ஏதாவது சொன்னால் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வை. பெரியவனான பிறகு அவன் கையில் கொடு, சிரிக்கலாமா வேண்டாமா என்று அவன் முடிவு செய்துகொள்ளட்டும்.

9. "ஒரு பொண்ணு இருந்திருக்கலாம்" என்று சொல்ல வருவார்கள். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்வார்கள். அந்தப் பேச்சை வளரவிடாதே. பெரியவன் ஒரு ராத்திரி, விளக்கணைத்த பிறகு, "நான் பொண்ணா பொறந்திருந்தா உனக்குப் பிடிச்சிருக்குமாம்மா?" என்று கேட்டான். யாரோ திண்ணையில் சொன்னது அவன் காதில் அத்தனை நாளாக இருந்திருக்கிறது. பெண் இருந்தால்தான் செய்வாள் என்று நாம் ஒதுக்கி வைக்கிற வேலைகளைப் பையன்களிடம் கொடு. மல்லாட்டை உரிப்பது, பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது, துணி மடிப்பது எல்லாம் என் பிள்ளைகள் செய்தார்கள். ஒரு மார்கழியில் கோலப்பொடியைக் கையில் கொடுத்தேன். பெரியவன் ராஜகிரி உச்சியில் கிடக்கிற பீரங்கியைப் புள்ளி வைத்து வரைந்தான். சின்னவன் அதன் வாயில் பூசணிப்பூவைச் செருகி வைத்தான். தெருவில் போனவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒருவரும் மிதிக்கவில்லை. இன்றைக்கு இருவர் வீட்டிலும் மருமகள்கள் தனியாக அடுப்படியில் நிற்பதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

10. நீயும் தூங்க வேண்டும். தூக்கமில்லாத தாய்க்குப் பிள்ளையின் குறும்பு குறும்பாகத் தெரியாது, குற்றமாகத்தான் தெரியும். உன் பெரியவனை அவன் அப்பாவிடம் முழுசாக ஒப்படைத்துவிட்டுப் படு. அவர் சட்டையைப் பின்பக்கம் முன்னாகப் போட்டுவிட்டிருப்பார், இட்லிக்குச் சட்னி இல்லாமல் சர்க்கரை வைத்திருப்பார், தலை வாரியிருக்க மாட்டார். போகட்டும், ஒன்றும் சொல்லாதே. நீ ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொன்னால் அடுத்த முறை அவர் பிள்ளையை உன்னிடமே தள்ளிவிடுவார். சித்திரையில் கமலக்கண்ணியம்மன் திருவிழா வருகிறது, எல்லோரும் வந்துவிடுங்கள். உன் பெரியவனைக் கூட்டிக்கொண்டு நீ மலை ஏறிவிட்டு வா. கைக்குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன்.